யாரைக் கேட்டோம்? யாரைக் கேளாது விட்டோம்?

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் இருக்கின்றது. அடைக்கல அன்னையின் திருத்தலம் என்ற முறையில் நம்மில் பலர் அவ்வூரை அறிவோம். வீரமாமுனிவர் அதற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு அன்னைமீது கலம்பகம் பாடியதையும் அறிவோம். ஆயினும் அவ்வூரை நினைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மக்களின் வாழ்வை மக்களிடமே கேட்டறிவது எவ்வாறு என்பது இன்று பல்கலைக்கழகங்களில் ஒரு தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. அப்பாடத்துக்கு உரிய எடுத்துக்காட்டுகளும் எச்சரிக்கைகளும் ஏலாக்குறிச்சியைச் சுற்றிய வரலாற்றில் நிறையவே கிடைக்கின்றன.

சமூக அறிவியல் ஆய்வினை அளவுசார் ஆய்வு என்றும் பண்புசார் ஆய்வு என்றும் இருவகையாகப் பிரிப்பர். பெரம்பலூர்ப் பகுதியில் எத்தனை ஏக்கரில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பயிராகின்றன, அரியலூர்ப் பகுதியில் எவ்வளவு நிலம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குச் சென்றது என்று எண்ணிச் சொல்வது முதல் வகை. அந்த நிலத்தை விற்ற குடும்பத்தார் அவ்விற்பனையை வரவு என்கின்றனரா, இழப்பு என்கின்றனரா, வீட்டுப் பெண்களும் அதனை அவ்வாறே சொல்கின்றனரா என்று உடனிருந்து கேட்டு அறிவது இரண்டாம் வகை. எண்ணிக்கைக்கு அளவுகோல் வேண்டும். பொருளை அறிவதற்கோ பொறுமையான செவி வேண்டும். அச்செவி இயல்பாக அமைவதில்லை. பயின்றே பெற வேண்டியுள்ளது. இதனை நாங்கள் பட்டறிவால் உணர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளிடக் கரையை அடுத்த ஒரு சிற்றூரில், ஆலயத்தின் வைரவிழா மலருக்காகப் பங்கின் வரலாற்றைத் தொகுக்கும் பணி எங்களுள் சிலரிடம் ஒப்படைக்கப்பட்டது. இருபது வினாக்கள் கொண்ட தாள் ஒன்றை ஆயத்தம் செய்தோம். ஆலயத்தைக் கட்டியவர் யார், அடிக்கல் நாட்டப்பட்டது எப்போது, நிலம் தந்தவர் யார் என்பன போன்ற வினாக்கள். ஊரில் பெரியவர்கள் எனப்பட்டோரின் திண்ணைகளில் அமர்ந்து கேட்டோம். அனைவரும் ஏறத்தாழ ஒரே விடையைத் தந்தனர். விடைகள் ஒத்துவந்ததைக் கண்டு எங்கள் பணி செம்மையாக முடிந்தது என மகிழ்ந்தோம். அவர்கள் எல்லாரும் ஆலயச் சுவரில் பதித்த கல்லில் இருந்ததையே திருப்பிச் சொன்னார்கள் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

புறப்படும் வேளையில், தெருக் கோடியில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவரிடம் விடைபெற நின்றோம். தாளை மடித்துப் பைக்குள் வைத்தாயிற்று. "கோயில் கட்டையில உங்களுக்கு நினைவு இருக்குதா அம்மா?" என்று பேச்சுக்காகக் கேட்டோம். "ஏன் இல்லாம? சுண்ணாம்பு அரைக்க நாங்கதான தம்பி தண்ணி சுமந்தோம். எனக்குப் பன்னெண்டு வயசு. கோயிலு மந்திரிச்ச அன்னிக்கு மட்டும் எங்கள வெளியில நிக்கச் சொல்லிட்டாங்க. அதெல்லாம் யாரு கேட்டா!" என்றார். ஆற்றிலிருந்து நீர் சுமந்த சிறுமியரை எண்ணி வருந்தினோம். மீண்டும் வந்து விரிவாகக் கேட்போம் என்று சொல்லிச் சென்றோம். மலர் அச்சேறும் அவசரத்தில் செல்லவில்லை. மலர் வெளிவந்தது. அதில் அவருடைய சொல் ஒன்றும் இல்லை. மறு ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார்.

அக்குறை எங்களை உறுத்தியதால்தான், நமக்கு முன் இந்த மண்ணில் மக்களைக் கேட்டு எழுதியவர்கள் எவ்வாறு கேட்டார்கள் என்று தேடத் தொடங்கினோம்.

நொபிலி அடிகளார் எழுப்பிய வினா

இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமய அடையாளங்களா, சமூக அடையாளங்களா என்பது அவர் காலத்தில் எழுந்த பெரும் வழக்கு. வெளியிலிருந்து பார்த்தவர்கள் அவற்றைப் பிற சமய வழிபாட்டின் கூறுகள் என்றே முடிவு கட்டினர். அடிகளாரோ, அவற்றை அணிகின்றவர்கள் அவற்றுக்கு என்ன பொருள் கொள்கின்றனர் என்று கேட்டார். தமிழும் வடமொழியும் கற்று, நூல்களைப் பயின்று, அந்தணர்களின் சான்றுகளைத் திரட்டி, 1613-இல் இலத்தீனில் ஒரு விளக்க நூல் எழுதினார். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623-இல் அவ்வழக்கங்களைச் சில நிபந்தனைகளுடன் ஏற்க இசைவளித்தார்.

ஒரு செயலின் பொருளை அதைச் செய்வோரிடமே கேட்டறிய வேண்டும் என்பது பண்புசார் ஆய்வின் முதற்பாடம். அதனை நொபிலி அடிகளார் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே மேற்கொண்டார். ஆயினும் அவர் சான்று கேட்டது கற்றோரிடமும் உயர்ந்தோர் எனப்பட்டோரிடமும் ஆகும். பூணூல் அணிய இயலாத ஒருவனுக்கு அந்தப் பூணூல் என்ன பொருள் தந்தது என்ற வினா அந்நூலுக்கு உரியதாக அமையவில்லை. ஏனைய மக்களிடையே பணியாற்றுவதற்கென 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற மற்றொரு வகைக் குருக்கள் மதுரை மறைபரப்புத் தளத்தில் தோன்றினர். இவ்வாறு, யாரிடம் கேட்பது என்ற தேர்விலேயே விடையின் ஒரு பகுதி அடங்கிவிடுகின்றது.

தரங்கம்பாடிக்கு வந்த கடிதங்கள்

கத்தோலிக்கர் அல்லாத ஒருவரிடமும் நாம் கற்க வேண்டியது உண்டு. லுத்தரன் திருச்சபையைச் சார்ந்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1712 முதல் 1714 வரை அவரும் உடன் பணியாளரும் தமிழ் மக்களுக்கு வினாக்களை எழுத்தில் விடுத்து, அவற்றுக்குத் தமிழிலேயே விடைக்கடிதங்கள் பெற்றனர். அவற்றுள் 99 கடிதங்கள் செருமானிய மொழியில் பெயர்க்கப்பட்டு, 1714-இலும் 1717-இலும் ஆலே நகரில் அச்சாயின. தம் வழிபாடு, திருமணம், மருத்துவம், அரசு ஆகியன பற்றித் தமிழர்கள் தாமே கூறிய விளக்கங்கள் அவற்றில் இடம்பெற்றன. சில கடிதங்களில் ஐரோப்பியரின் ஒழுக்கத்தைக் குறித்த கண்டிப்பான கருத்துகளும் உள்ளன. கேட்கப்பட்டவர் கேட்டவரைப் பற்றியும் பேசிவிட்டார்!

ஆனால் 1713-இல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதி அனுப்பிய நூலை ஆலே நகரத்து மேலாளர்கள் அச்சிட மறுத்தனர். அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. களத்தில் கேட்டறிந்தது வெளியுலகைச் சேர்வது, நிதியும் அச்சகமும் யார் கையில் உள்ளன என்பதையும் பொறுத்தது.

வீரமாமுனிவர் பயின்ற இரு தமிழ்

இனி ஏலாக்குறிச்சிக்குத் திரும்புவோம். கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி என்னும் இத்தாலியர் 1680-இல் பிறந்தவர். 1710-இல் கோவாவை அடைந்தார். தேம்பாவணியின் 3615 பாடல்களைப் பாடிய அவரே, 1728-இல் கொடுந்தமிழுக்கு, அதாவது மக்களின் பேச்சுவழக்குக்கு, இலத்தீனில் ஓர் இலக்கணம் வகுத்தார். புதிதாக வரும் மறைபரப்பாளர் ஊராருடன் பேசிப் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அவர் யாரை எதிர்த்துக் கண்டன நூல்கள் எழுதினாரோ, அந்தத் தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்தாரே 1738-இல் அந்த இலக்கணத்தை அச்சிட்டனர் என்பது வியப்புக்குரியது. மக்கள் மொழி எல்லாருக்கும் தேவைப்பட்டது.

செந்தமிழில் இத்துணைப் புலமை பெற்றவர் வயலிலும் சந்தையிலும் வழங்கும் தமிழையும் இலக்கணம் எழுதத் தக்கதாக மதித்தார் என்பதில் ஆய்வாளருக்கு ஒரு பாடம் இருக்கின்றது. எங்கள் இருபது வினாக்களும் ஏட்டுத் தமிழில் இருந்தன. "தங்கள் இளமைக்காலச் சமூகச் சூழல் யாது?" என்று வேளாண் தொழிலாளி ஒருவரைக் கேட்டால், அவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல மாட்டார், நமக்குப் பிடிக்கும் என்று தாம் எண்ணுவதையே சொல்வார்.

முத்துசாமிப் பிள்ளையின் பயணம்

முனிவர் மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தன. சென்னைக் கல்விச் சங்கத்தை நிறுவிய எல்லிஸ் துரை, முனிவரின் நூல்களைத் தேடித் திரட்டுமாறு புதுச்சேரியைச் சார்ந்த முத்துசாமிப் பிள்ளையைத் தென் மாவட்டங்களுக்கு அனுப்பினார். அவர் சுவடிகளோடு செய்திகளையும் சேகரித்து, 1822-இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். ஐரோப்பியத் துறவி ஒருவரின் வாழ்வைத் தமிழர் ஒருவர், தமிழ் மக்களின் நினைவிலிருந்து திரட்டி எழுதிய அரிய முயற்சி அது.

அந்நூலில் முனிவர் பல்லக்கில் செல்கின்றார். திருச்சியை ஆண்ட சந்தா சாகிபுவைக் காண்பதற்காக மிகக் குறுகிய காலத்தில் அவருடைய மொழியைக் கற்கின்றார். அவரிடம் திவானாகப் பணியேற்கின்றார். பிற்காலத்தில் சேசு சபை வரலாற்றாசிரியர்கள் மடல்களையும் பணியாளர் பட்டியல்களையும் கொண்டு இச்செய்திகளை ஆராய்ந்தனர். 1918-இல் பெஸ் அடிகளார் திருச்சியில் வெளியிட்ட ஆங்கில நூலும், பின்னர் இராசமாணிக்கம் அடிகளார் செய்த ஆய்வுகளும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. திவான் பதவி போன்ற செய்திகளை அப்படியே ஏற்பதற்கில்லை என்ற கருத்து வலுப்பெற்றது. முனிவர் மறைந்த ஆண்டு 1742 எனப் பழைய நூல்கள் சில குறித்தன. சபையின் ஆவணங்களோ 1747 என்று காட்டின.

அவ்வாறாயின் முத்துசாமிப் பிள்ளையின் உழைப்பு வீணா? ஒருபோதும் அன்று. முனிவர் எந்த நாளில் எங்கே இருந்தார் என்பதற்கு மடல்கள் சிறந்த சான்று. அவரை மக்கள் எவ்வாறு நினைவில் வைத்தனர், துறவி ஒருவர் அரசவையிலும் மதிக்கப்பட வேண்டும் என்று ஏன் விரும்பினர் என்பதற்கு முத்துசாமிப் பிள்ளை கேட்டெழுதிய கதைகளே சான்று. அரியலூர்ச் சிற்றரசரின் கட்டி அன்னையின் அருளால் குணமாயிற்று, அதற்கு நன்றியாக அவர் நிலம் வழங்கினார் என்று ஏலாக்குறிச்சியில் இன்றும் சொல்கின்றனர். நில ஆவணத்தை ஆராய்வோர் அதனை ஆராயட்டும். அந்தக் கதையை யார் யாருக்குச் சொல்கின்றார், எந்த நாளில் சொல்கின்றார், எந்தப் பகுதியில் குரல் தழுதழுக்கின்றது என்று கவனிப்பவரும் ஆய்வாளரே. ஒரு சான்றிடம் அதனால் சொல்ல இயன்றதை மட்டுமே கேட்க வேண்டும். இதனை உணராதவர்கள் ஒன்று மக்களின் நினைவைப் பொய் என்று தள்ளுவர். அல்லது அதனைக் கல்வெட்டாகவே கொண்டு மயங்குவர்.

மீண்டும் சென்றவர்கள்

இருபதாம் நூற்றாண்டில் இம்முயற்சி கல்வித் துறையாக வளர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல் ஒன்றைத் தந்து, அவர்கள் நன்கறிந்த சிற்றூர்களுக்கு அனுப்பினார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, இராமநாதபுரம் பகுதியின் வடமலாபுரம், நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றி அவர்கள் எழுதியவை 1918-இல் நூலாயின. நிலம், கூலி, கடன், உணவு எனப் பலவற்றையும் அவர்கள் எழுதினர். மாணவர்கள் ஊரை அறிந்தவர்கள் என்பது அம்முறையின் வலிமை. ஊரின் எந்தத் தெருவிலிருந்து அவர்கள் வந்தனர் என்பது அதன் எல்லை.

ஸ்லேட்டர் முறையின் பெரும்பயன் பின்னரே தெரிந்தது. 1936-37-இல் தாமஸ், இராமகிருஷ்ணன் ஆகியோரின் முயற்சியால் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் சில ஊர்களுக்கு மறுபடியும் சென்றனர். இருவேல்பட்டினை ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் 2008 வரை பின்தொடர்ந்து எழுதினர். ஒரே ஊரின் தொண்ணூற்றிரண்டு ஆண்டு வாழ்வு இவ்வாறு நமக்குக் கிடைத்தது. ஒருமுறை சென்று கேட்டவருக்கு ஊர் ஒரு நிழற்படமாகவே தோன்றும். மீண்டும் மீண்டும் செல்பவருக்கே அது நகர்கின்ற வாழ்வாகத் தெரியும்.

நம் பங்குகளுக்கு ஒரு முறை

பொன்விழாக்களும் நூற்றாண்டு விழாக்களும் நம் பங்குகளில் தொடர்ந்து வருகின்றன. அவற்றுக்கு மலர் தொகுக்கும் இளைஞர்களுக்கு நாங்கள் தவறிக் கற்ற சிலவற்றைக் கூற விழைகின்றோம்.

முதலில், வினா ஒன்றே போதும். ஆனால் அது விரிந்த வினாவாக இருக்கட்டும். "கோயிலைக் கட்டியவர் யார்?" என்பது ஒரு பெயரோடு முடிந்துவிடும். "கோயில் கட்டிய நாட்களைச் சொல்லுங்கள்" என்பது ஒரு மாலைப்பொழுதைத் திறந்து விடும்.

அடுத்து, ஊருக்குள் செல்லுமுன்பே யார் யாரைக் கேட்பது என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஆண், பெண், நிலம் உடையவர், கூலிக்கு உழைத்தவர், மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, ஊரைவிட்டுப் போனவர் என்று பார்த்து எழுதினால் விடுபட்டவர் கண்ணுக்குத் தெரிவர். புதியவர் ஒருவரைக் கேட்டும் புதிய செய்தி ஒன்றும் வராத நிலையை அடையும்வரை கேட்டுச் செல்ல வேண்டும். எங்களைப்போல் ஒரே தெருவில் கேட்டுவிட்டு, விடைகள் ஒத்துவந்தன என்று மகிழக் கூடாது.

மூன்றாவதாக, கேட்டதைக் கேட்ட சொற்களிலேயே அன்றிரவே எழுதிவைக்க வேண்டும். அவர் சொன்னது ஒரு பக்கத்திலும், நமக்குத் தோன்றியது மறுபக்கத்திலும் இருக்கட்டும். இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க இயலாது.

நான்காவதாக, வாய்மொழியை ஏட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் நம் பங்குகளின் செல்வம். இப்பகுதி மக்களுள் முதியோர் இன்றும் "திருச்சி ஜில்லா" என்றே சொல்வர். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைந்து, 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. பழைய ஆவணங்களைத் திருச்சிராப்பள்ளியின் பெயரில் தேட அறியாதவர் வெறுங்கையோடு திரும்புவர்.

ஐந்தாவதாக, சொன்னவரின் இசைவு இன்றி எதையும் அச்சிடலாகாது. நாம் மலரை வெளியிட்டு ஊர் திரும்பிவிடுவோம். சொன்னவர் அதே தெருவில், அதே நிலக்கிழாரின் முன்னே, நாளையும் வாழ வேண்டியவர். வெளியே நிற்கச் சொன்னார்கள் என்ற சொல் அச்சில் வந்தால் அவருக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சம் கருதி அச்சொல்லைப் புதைத்துவிடுவதும் அறமன்று. பெயரை மறைத்து உண்மையைக் காக்கும் வழிகள் உண்டு. அவரோடு அமர்ந்தே அவ்வழியைத் தேட வேண்டும்.

இறுதியாக, எழுதியதை எடுத்துக்கொண்டு திரும்பச் சென்று, சொன்னவருக்கே படித்துக் காட்ட வேண்டும். லூக்கா நற்செய்தியாளர் தம் நூலின் தொடக்கத்தில், நேரில் கண்டவர்கள் ஒப்படைத்தவற்றைக் கருத்தாய் ஆய்ந்து எழுதுவதாகக் கூறுகின்றார். கண்டவரிடம் செல்லும் அந்த நடை நம்முடையதாகவும் இருக்கட்டும்.

அண்மையில், மலரின் மறுபதிப்புக்காக அந்த மூதாட்டியின் கதையை நினைவிலிருந்து எழுதி, அவருடைய மகளிடம் எடுத்துச் சென்றோம். அவர் வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆற்றிலிருந்து நீர் சுமந்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "ஆத்துத் தண்ணின்னு எங்கம்மா சொல்லாதுங்க. அது கெணத்துத் தண்ணி. கோயிலுக்குன்னு அந்த ஒரு வருசந்தான் அந்தக் கெணத்துல எங்களத் தண்ணி சேந்த விட்டாங்க. அம்மா அதத்தான் பெருசாச் சொல்லும்" என்றார்.

மூதாட்டி எங்களிடம் ஆறு என்று சொல்லவே இல்லை. கொள்ளிடம் அருகில் ஓடுவதால் நாங்களே அதனைச் சேர்த்துக்கொண்டோம். அந்த வரியை அடித்துவிட்டு, மகள் சொன்னபடி எழுதி, மீண்டும் படித்துக் காட்டினோம். "இப்ப சரி" என்றார்.